ஆடு குறுக்கே வராத சாலை

வேதமாணிக்கம் அண்ணாச்சி இன்றைக்கு விளையாட்டைத் திட்டவில்லை. இரண்டு ஊசியும் ஏறியாகிவிட்டது, ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் மிஷினுக்குள் சுற்றிச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருக்கிறது, பவுசியா சிஸ்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவே முக்காலியைப் போட்டு அதன்மேல் மடித்த கம்பளியை வைத்து, கம்பளியில் அந்தக் கையடக்கக் கேம் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயும் ஆயிற்று, திரையில் சிவப்புக் கார் கோட்டுக்குப் பின்னால் நின்று உறுமுகிறது. வேறு நாளாக இருந்தால் இதற்குள் ஒரு குற்றமாவது சொல்லியிருப்பார். இது கார் சத்தமா, எங்க தெருவுல மாவு மில்லு ஓடுன சத்தம் என்றாவது சொல்லியிருப்பார். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வலது கட்டைவிரலைக் குமிழின்மேல் வைத்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சும்மா கிடக்கிறார். ஆவுடையப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டித் தொலைய வேண்டியதுதானே என்று நெஞ்சு வரைக்கும் முட்டிக்கொண்டு வந்தது, தொண்டையைத் தாண்டும்போது அது "ரெடியா அண்ணாச்சி?" என்று சுருங்கிவிட்டது. எப்போதும் அப்படித்தான். அறுபத்தாறு வருஷமாக நெஞ்சில் ஒன்று புறப்படும், வாயில் வேறொன்று வந்து இறங்கும். "ம்" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான். திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் விழுந்தது, ஆவுடையப்பன் இடது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினார், கார் பாய்ந்தது. இவருக்கு ஊசி வலது கையில், இடது கை நரம்பு முன்னமே பழுதாகிப்போயிற்று. அண்ணாச்சிக்கு இடது கையில். ஊசி ஏறிய கையை நாலு மணி நேரமும் மடக்கக் கூடாது, திருப்பக் கூடாது, மரப்பலகை மாதிரி போட்டு வைக்க வேண்டும். விளையாட்டோ இரண்டு கை கேட்கிறது, இடப்பக்கக் குமிழால் வண்டியைத் திருப்ப வேண்டும், வலப்பக்கப் பட்டனை விடாமல் அமுக்கினால்தான் வண்டி ஓடும். ஆளுக்கு மிச்சம் ஒரு கை. அடுத்தடுத்த கட்டில், நடுவே ஒரு முழம் இடைவெளி, அந்த இடைவெளியில் அவருடைய வலது கையும் இவருடைய இடது கையும் வந்து சேர்கின்றன. அவர் திருப்புவார், இவர் அமுக்குவார், இரண்டு நோயாளியும் சேர்ந்து ஒரு டிரைவர். ஒரு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி, பாளையங்கோட்டையில் இந்த டயாலிசிஸ் வார்டின் ஜன்னலோரத்தில் ஓடுகிற ஓட்டம் இது. அதை இந்த மனுஷன் ஒரு வார்த்தை, யாரையும் கேட்காமல், ஒரே ஒரு வார்த்தையில் வெட்டிப்போட்டுவிட்டார்.

காலையில் எடை பார்க்கிற இடத்தில் இவர் அண்ணாச்சிக்குப் பின்னால்தான் நின்றார். ஊசி போடுமுன் எல்லோரும் எடை பார்த்தாக வேண்டும், உடம்பில் எவ்வளவு நீர் கட்டியிருக்கிறது என்று அதில்தான் தெரியும். அண்ணாச்சி தராசில் ஏறி, செருப்பைக் கழற்றவில்லை என்று சிஸ்டரிடம் வசை வாங்கி, இறங்கிக் கழற்றி, மறுபடி ஏறி, எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. அப்புறம் இறங்கும்போது சொன்னார். "யம்மா பவுசியா, திங்கக்கிழமைலேருந்து எங் கட்டில வேற யாருக்காது குடுத்துரு. வெளிய காத்துக் கெடக்கானுவள்லா." பவுசியா எழுதிக்கொண்டே, "ஏன் தாத்தா, வேற ஆஸ்பத்திரி பாத்துட்டியளா?" என்று கேட்டாள். "ஒரு ஆஸ்பத்திரியும் இல்ல. போதும்னு இருக்கு. டாக்டர்ட்ட நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டேன்." போதும். சாப்பாட்டுப் பந்தியில் ரசம் ஊற்ற வருகிறவனிடம் கையைக் குறுக்கே காட்டிச் சொல்கிற மாதிரி, போதும். பவுசியா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள், அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, என்ன சொல்வாள் பாவம். ஆவுடையப்பன் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருஷம் பக்கத்தில் படுத்தவர், உடனே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இவர் என்ன செய்தார்? தராசில் ஏறினார். அடுத்த ஆள் நகர்ந்ததும் காலி இடத்தில் ஏறி நிற்கிற பழக்கம், செருப்பைச் சரியாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். தன்மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது. போதும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று இந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். போன மழைக்காலத்தில் களக்காட்டுக்காரர் ஒருவர் இப்படித்தான் நிறுத்தினார். இரண்டு வாரம் தாங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தார்களாம், முகம் சுரைக்காய் மாதிரி வீங்கி, கடைசியில் உட்கார்ந்த வாக்கிலேயே. போய்ப் பார்த்துவிட்டு வந்து இதே அண்ணாச்சிதான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், சொன்ன வாய் ஆறுவதற்குள் அதே காரியத்துக்குக் கிளம்புகிறார் என்றால் அந்த மனுஷனை என்ன செய்யலாம்?

கார் முதல் வளைவில் திரும்பியது. மூன்றாவது சாலை இது, பனிமலைச் சாலை, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும், இவர்கள் இதை இன்னும் முடித்தது கிடையாது. மொத்தம் ஐந்து சாலை. கடற்கரையை முடிக்க மழைக்காலம் வரை ஆயிற்று, பாலைவனத்தைப் பங்குனி வரைக்கும் ஓட்டினார்கள், பனியில் வந்து மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பெட்டியை வார்டுக்கு விட்டுவிட்டுப் போனவர் ஒரு கம்பெனி என்ஜினியர், அவருக்கு அம்மாவின் சிறுநீரகம் பொருந்திவிட்டது, போகும்போது மகராசன் ஒரே ஒரு கார்ப் பந்தயத்தை உள்ளே வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி முதல் நாள் சொன்ன குற்றம் ஆட்டைப் பற்றியது. "வே ஆவுடை, இம்புட்டு நீளத்துக்கு ரோடு போட்டிருக்கான், ஒரு ஆடு குறுக்க வரலியே, பாத்தீரா? ஆடு வராத ரோட்டுல எவன் வேணாலும் ஓட்டிருவாம்வே." கிருபை டிரைவிங் ஸ்கூல் என்று மஞ்சள் போர்டு மாட்டிய அம்பாசிடரில் பாதி திருநெல்வேலிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பக்கத்து சீட்டில் தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கைப் பொருத்திக்கொண்டு, படிக்க வந்தவன் சுவரைப் பார்த்துப் போனால் பதறாமல் ஒரே மிதி. அந்த மிதியைத்தான் இந்த விளையாட்டில் காணோம் என்று அவருக்குத் தீராத ஆத்திரம். "பிரேக்கே தேவப்படலவே இதுல. சுவத்துல இடிச்சாலும் தட்டிவிட்டுட்டுத் திரும்ப ஓடுது. இடிச்சா வலிக்கணும். வலிக்காத வண்டிய ஓட்டுறதுல என்ன மருவாத இருக்கு?" ஹாரன் இல்லை என்பது இன்னொன்று. எதிரில் வருகிற கார்களின் கண்ணாடிக்குள் முகமே இல்லை, இருட்டுதான் உட்கார்ந்து ஓட்டுகிறது என்பது இன்னொன்று. ஓரத்தில் நிற்கிற கூட்டம் முதலில் வருகிறவனுக்கும் கைதட்டுகிறது, கடைசியில் வருகிறவனுக்கும் அதே கைதட்டுத் தட்டுகிறது, "சோம்பேறிப் பயலுவ, ஒரு பாகுபாடு வேண்டாமா?" இப்படி இருபத்துமூன்று. ஆவுடையப்பன் எண்ணி வைத்திருக்கிறார். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, ரேஷன் கடையில் எடை போட்ட கை, எது வந்தாலும் உள்ளே எண்ணிக்கை தானாக ஓடும். சொன்னதையே திருப்பிச் சொன்னால் கணக்கில் சேர்க்கமாட்டார். புதிதாக ஒரு குற்றம் விழுந்த அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவி காந்திமதி செம்பை நீட்டுகிறாளோ இல்லையோ, "இன்னைக்கு என்ன குத்தம் கண்டுபிடிச்சாவ உங்க அண்ணாச்சி?" என்றுதான் கேட்பாள். உடம்பில் இருக்கிறதை எல்லாம் பிழிந்து போட்டுவிட்டு வருகிற மனுஷனிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது, இவருக்கும் சொல்ல வேறு என்ன இருக்கிறது. இன்றைக்குப் போய் என்ன சொல்வது? இருபத்துநாலாவது குற்றம், போதும் என்றார், என்றா?

வலப்பக்கம் ஒரு நீலக் கார் உரசிக்கொண்டு வந்தது, அண்ணாச்சி சத்தமில்லாமல் அதை ஒதுக்கினார். சுத்தமான திருப்பல். இவ்வளவு சுத்தமாக அவர் திருப்பி இவர் பார்த்ததில்லை, வழக்கமாகப் பேசிக்கொண்டே திருப்புவார், பேச்சு ஏறும்போது கார் சுவரில் ஏறும். இன்றைக்கு எதுவும் இல்லை. வேண்டாம் என்று முடிவுகட்டியவனுக்குக் கை இப்படி லேசாகிவிடுமா என்று நினைத்ததும் முதுகில் குளிர்ந்தது, ஏசி காற்றா, திரும்பி வருகிற ரத்தத்தின் குளிரா, எது என்று தெரியவில்லை, ரத்தம் வெளியே போய்வந்தால் குளிர்ந்துதான் வரும், நாக்கில் பழைய பித்தளையின் ருசி ஊறும், தாகமாக எடுக்கும், எடுத்தாலும் அரை டம்ளருக்குமேல் கிடையாது. பத்துக்கு ஆறு. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. பவுசியாதான் ஒருநாள் தன் போனில் தேடி வாசித்தாள், இந்த விளையாட்டைப் பற்றி ஊர் ஊராக ஆட்கள் எழுதிவைத்திருக்கிறார்களாம். ஒருவன் பத்துக்கு ஆறு மார்க் போட்டிருந்தான். படம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய திரையில் ஆடியதைக் கையடக்கத்துக்காக அவசரமாகச் சுருக்கியிருக்கிறார்கள். சாலைகள் ஐந்தே ஐந்து, கொடுத்த காசுக்குக் காணாது. எதிரிக் கார்களுக்குப் புத்தி போதாது. கெட்டிக்காரன் ஒரே சாயங்காலத்தில் முடித்துத் தூக்கிப் போட்டுவிடுவான். அவள் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம், கட்டிலில் கிடந்தபடியே கையைத் தூக்கினார், "நாஞ் சொல்லல? நாஞ் சொல்லல? வெளிநாட்டுல இருக்கவனுக்கே தெரியுது பாரும்." ஆவுடையப்பனுக்கு அன்றைக்கே முகம் சுட்டது. ஒரே சாயங்காலமாம். எவன் அவன்? இரண்டு கையும் உள்ளவன். ஒரு கையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு ஆடி முடித்துவிட்டு, காணாது என்று எழுதுகிறான். இங்கே இரண்டு பேர் ஒரு வருஷம் ஓட்டி மூன்றாவது சாலையில் நிற்கிறார்கள், அவர்களுக்குக் காணுமா காணாதா என்று எவன் வந்து கேட்டான்? கேட்டிருந்தால், ஐயா, எங்களுக்கு இது தாராளம் என்று இவர் சொல்லியிருப்பார். சொல்லியிருக்கமாட்டார். எதைத்தான் சொன்னார்?

ரேஷன் கடையில் நின்ற வருஷமெல்லாம் எதிரே வரிசையில் நின்றது முழுக்க மார்க் போடுகிற கூட்டம்தான். அரிசியில் கல், சீனியில் ஈரம், பாமாயிலில் நாற்றம், தட்டைத் தட்டி எடை போடுகிறான், தட்டாமல் எடை போடுகிறான். இவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பதில் சொன்னதில்லை. தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு, நிறுத்து, கொட்டி, அடுத்த ஆள் என்பார். ஒரு பிடிகூடக் குறைத்துப் போட்டவர் இல்லை, அதைச் சொல்லிக்கொள்ளவும் வாய் வந்ததில்லை. அந்த வாய்க்கு இந்த அண்ணாச்சி ஒரு ஆறுதல். அவர் திட்டுவார், இவர் கேட்பார். இந்த முறை திட்டு இவர்மேல் இல்லை, இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பெட்டியின்மேல், அதனால் காதுக்கு இதமாகக்கூட இருந்தது. உள்ளுக்குள் மறுத்துக்கொண்டே கிடப்பார். ஆடு வராவிட்டால் என்ன அண்ணாச்சி, ஊரில் வருகிற ஆடு போதாதா? கைதட்டினால் தட்டிவிட்டுப் போகட்டுமே, கடைசியில் வருகிறவனுக்குத்தானே அது வேண்டும்? ஒன்றையும் வெளியே விட்டதில்லை. இருபத்துமூன்றுக்கும் இவரிடம் பதில் இருந்தது. இருபத்துமூன்றாவதைத் தவிர. அது போன புதன்கிழமை விழுந்தது. அன்றைக்கு அண்ணாச்சிக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்து வார்டே கேட்கிற மாதிரி அலறிவிட்டார், சிஸ்டர்கள் இரண்டு பேர் காலைப் பிடித்து நீவி, அது அடங்கி, வேர்த்து ஒழுகிக் கிடந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, திரையில் தோரணம் மாதிரி வளைந்து நிற்கிற வாசலைக் கண்ணால் காட்டினார். அந்த வாசலைத் தாண்டினால் முப்பது வினாடி கூடுதலாகத் தருவார்கள், அதற்குள் அடுத்த வாசலைப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. "முப்பது செகண்டு பிச்ச போடுதாம்வே. அத வாங்கிட்டு ஓடி அடுத்த வாசல்ல போய்க் கையேந்தணும். அங்கயும் முப்பது. இது ஓட்டப்பந்தயம் இல்லவே. வீடு வீடா ஏறி எறங்குறது." சிரிக்காமல் சொன்னார். இவரும் அன்றைக்கு, வழக்கம்போல, ம் என்று கேட்டுக்கொண்டார். எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார். மடையன், மடையன், ஒரு மனுஷன் தன் உயிரைப் பற்றிப் பேசுகிறான், நீ விளையாட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறாய்.

ஒரு வாசல் தாண்டியது. முப்பது வினாடி ஏறியது. பெண் குரல் ஒன்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பாராட்டியது, அதையும் அண்ணாச்சி திட்டவில்லை. அவருக்கு என்ன குறை? மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம், மகள் பெங்களூரில், வந்து எங்களோடு இருங்கள் என்று கூப்பிடத்தான் செய்கிறாள், அண்ணாச்சி போகமாட்டார், அங்கே ரோடு நெரிசல் என்பார். காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து ஒன்றும் போவதில்லை. வலி இருக்கிறது, எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஆவுடையப்பனுக்கு இல்லையா? இடது கையில் மூன்று இடத்தில் கீறி நரம்பை இணைத்துப் பார்த்துப் பயனில்லாமல் வலது கைக்கு மாற்றினார்களே, இவர் போதும் என்றாரா? என்ன திமிர் இது. ஒரு மனுஷன் நினைத்தால் எழுந்து போய்விடலாம் என்கிற திமிர். பக்கத்தில் கிடக்கிறவன் ஒருவன் இருக்கிறானே என்று. பக்கத்தில். திங்கட்கிழமை அந்தக் கட்டிலில் யார் வந்து படுப்பார்கள்? காலைச் சுற்றில் காத்திருப்பவர்களில் அந்த வள்ளியூர் வாத்தியார், அவருக்குக் கழுத்தில் குழாய், இரண்டு கையும் சும்மா இருக்கும், அவர் தனியாகவே ஆடிவிடுவார். நாங்குநேரிக்கார அம்மாவுக்கு வலது கை, ஆகாது, இந்த இடைவெளிக்கு இடது கையில் ஊசி போட்ட ஆள்தான் வேண்டும். சுத்தமல்லியிலிருந்து வருகிற தங்கபாண்டிக்கு இடது கை, அவன் போனில் படம் பார்ப்பானே தவிர இதற்கெல்லாம் இறங்கமாட்டான். இப்படி ஒவ்வொருவர் கையாக எண்ணிக்கொண்டிருப்பது திடீரென்று உறைத்தது. ஒரு மனுஷன் சாகப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறான், இவர் மாற்றுக்குக் கை தேடுகிறார். மூட்டை காலியானால் அடுத்த மூட்டையைப் பிரிக்கிற கை. வெட்கத்தில் காது மடல் சுட்டது, அந்த வெட்கமும் அப்படியே அண்ணாச்சிமேல்தான் கோபமாகப் போய் விழுந்தது. என்னை இப்படி எண்ண வைத்தது யார்? நீர்தானே? தங்கபாண்டியின் கையை நான் எதற்கு நினைக்க வேண்டும்? கார் மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. பனிமலையில் மூன்றாவது இடம் அவர்களுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. கடைசி வாசல் தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது, இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடைசி வாசலைக் கண்ணால் பார்க்கிறார்கள், அதைத் தாண்டினால் பனி முடிந்தது. அண்ணாச்சியின் விரல் குமிழைத் துளித்துளியாக நகர்த்துகிறது. முகத்தில் ஒன்றுமில்லை. கடைசி நாளில் கடையைப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறவனின் சுத்தம். அட, முடித்துக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாரா? அதுதானா இந்தப் பேசாத ஓட்டம்? அந்த நினைப்பு வந்த கணத்தில் ஆவுடையப்பனின் கட்டைவிரல் பட்டனைவிட்டு எழுந்துவிட்டது. எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லை. எழுந்துவிட்டது.

கார் தளர்ந்தது. பனியில் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. நீலக் கார் போயிற்று, பச்சை போயிற்று. "வே, அமுக்கும்" என்றார் அண்ணாச்சி, கட்டிலில் படுத்தபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுச் சொல். ஆவுடையப்பன் விரலைக் காற்றில் வைத்திருந்தார். "என்னவே, விரல் மரத்துப் போச்சா? அமுக்கும்." மேலே வினாடி இறங்கிக்கொண்டிருந்தது. "காலையில நான் பின்னாலதான் நின்னேன்" என்றார் ஆவுடையப்பன். "எங்க?" "எடை மிஷினுக்கிட்ட." அண்ணாச்சி தலையைத் திருப்பி இவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அதப் பொறவு பேசுவோம். அமுக்கும் மொதல்ல." "பொறவுன்னா எப்பம்? திங்கக்கிழமையா?" இதைச் சொன்னது தன் வாய்தானா என்று இவருக்கே சந்தேகமாக இருந்தது, குரல் உயர்ந்திருந்தது, எதிர்ச் சுவரோரம் கிடந்த அம்மா போர்வையை விலக்கிப் பார்த்தாள். "ஒமக்கு என்னவே அதுல? எங் கையி, எங் கட்டிலு." "ஒமக்கு ஒரு கைதான் இருக்கு. எனக்கும் ஒரு கைதான் இருக்கு." அண்ணாச்சியை நீங்கள் என்பதிலிருந்து ஒமக்கு என்று இறங்கியிருந்தார், இறங்கியதும் தெரிந்தது, ஏற மனமில்லை. "ரோடு சரியில்ல, ஆடு சரியில்ல, கைதட்டுறவன் சரியில்லன்னு வருசம் பூரா சொன்னீரு, நான் கேட்டுக்கிட்டுத்தான கெடந்தேன்? வேண்டாம்னு சொன்னனா? சரியில்லன்னா சரியில்லன்னு திட்டிக்கிட்டே ஓட்டும்வே. எறங்கிப் போறேன்னு சொன்னா எப்டி? எவன்ட்டக் கேட்டுச் சொன்னீரு?" அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது, நெற்றி நரம்பு புடைத்தது, இவர் சொன்னதற்குப் பதில் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "வே, பத்து செகண்டுதாம் இருக்கு, வாசல் இந்தா நிக்குது, அமுக்குவே மூதி!" என்று கத்தினார். "அமுக்கமாட்டேன்." "அமுக்கமாட்டியா?" "மாட்டேன்." அப்போதுதான் அது நடந்தது. வலது கையைக் குமிழிலிருந்து எடுக்காமலே, உடம்பை அப்படியே புரட்டி, ஊசி ஏறிய இடது கையைப் பலகையிலிருந்து பிடுங்கி, மார்புக்கு மேலாகக் கொண்டுவந்து, டிரைவிங் ஸ்கூல்காரர், போதும் என்றவர், பட்டனை எட்டி ஓங்கி அமுக்கினார்.

மிஷின் அலறியது. சிவப்பு விளக்குச் சுற்றியது, குழாய் துள்ளியது, பிளாஸ்திரிக்கு அடியிலிருந்து ரத்தம் புறப்பட்டு முழங்கைவரைக்கும் கோடாக இறங்கியது. கார் பாய்ந்துகொண்டிருந்தது. பவுசியா மேஜையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள், இன்னொரு சிஸ்டரும் வந்தாள், ஒருத்தி கையை இழுத்து நேராக்கிப் பஞ்சை வைத்து அழுத்த, ஒருத்தி மிஷினை நிறுத்தினாள். "அறிவிருக்கா தாத்தா ஒங்களுக்கு? ஊசி கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும்? சின்னப் பிள்ளையளா நீங்க ரெண்டு பேரும்?" தன்னால்தான், தன் விரலால்தான், இந்த ரத்தம் தன் கணக்கில் என்று ஆவுடையப்பனைப் பயம் பிடித்து உலுக்கியது, பயத்துக்கு நடுவிலும் கோபம் ஒரு இழை குறையாமல் அப்படியே நின்றது. அப்போதுதான் பார்த்தார். அத்தனை கூச்சலுக்கும் நடுவே, தன் ரத்தத்தைப் பார்க்காமல், தன்னைத் திட்டுகிறவளைப் பார்க்காமல், அண்ணாச்சியின் வலது கை பெட்டியின் ஓரத்தைத் தடவி, ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற சின்னப் பட்டனைத் தேடிப் பிடித்து அமுக்கியது. கார் வாசலுக்கு முன்னால் பனியில் உறைந்து நின்றது.

"குடுங்க அத" என்று பவுசியா பெட்டியைப் பறித்தாள். "இனிமே இது கெடையாது. ரெண்டு பேருக்கும் திங்கக்கிழம வரைக்கும் கெடையாது." கோபத்தில் சொன்னாள், சொன்ன பிறகு என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், பஞ்சின்மேல் அழுத்தியிருந்த விரல் அசங்காமல் நின்றது. அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை. "அணைச்சிராத" என்றார்.

"என்ன?"

"அணைச்சா அழிஞ்சிரும். அப்டியே நிக்கட்டும். சார்ஜுல போட்டு வையி, திங்கக்கிழம எடுப்போம்."

பவுசியா ஆவுடையப்பனைப் பார்த்தாள். ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார், முகத்தில் என்ன ஓடுகிறதோ அதை யாருக்கும் காட்ட அவருக்கு இஷ்டமில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேஜைக்குப் பின்னால் வயரைச் சொருகினாள், சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. கட்டுப் போட்டாயிற்று, ஊசி நகரவில்லையாம், மிஷின் திரும்பச் சுற்றத் தொடங்கியது. முக்காலிமேல் கம்பளி மட்டும் இருந்தது. அந்தப்பக்கம் ஒரு கை, இந்தப்பக்கம் ஒரு கை, பிடிக்க ஒன்றும் இல்லாமல் இடைவெளியில் தொங்கின. கேட்கக் கூடாது என்று ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கேட்டால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், இவர் கேட்கப்போவதில்லை, கட்டாயம் கேட்கப்போவதில்லை, ரத்தம் வந்ததற்கு வேண்டுமானால் பிறகு கேட்கலாம், விரலை எடுத்ததற்குக் கேட்கமுடியாது. எதிர்க் கட்டில் அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எத்தன செகண்டு மிச்சம் இருந்துது?" என்றார் கடைசியில், சுவரைப் பார்த்தபடியே.

"மூணு."

"மூணுல அந்த வாசலத் தாண்ட முடியாது."

"முடியும்வே" என்றார் அண்ணாச்சி, எரிந்து விழுந்து. "நீரு ஒழுங்கா அமுக்கினா முடியும்."